நான் துரு என்று சொன்ன சைக்கிள்

எங்கள் அந்தமானில் யாருக்காவது மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தால், அவர்களைவிட அக்கம்பக்கத்துக்காரர்களுக்குத்தான் பரபரப்பு அதிகம். மாற்றலாகிப் போகிறவர்கள் எதையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக மாட்டார்கள். ஃப்ரிட்ஜ், கட்டில், வாஷிங் மெஷின், பூந்தொட்டி என்று அத்தனையையும் விற்றுவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். போர்ட் பிளேரில் (பெயரை மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் வாயில் வரமாட்டேன் என்கிறது) பாதி வீடுகள் இப்படித்தான் நிரம்பியிருக்கின்றன. என் வீட்டு சோபாவில் எனக்கு முன்னால் ஒரு தபால் அதிகாரி உட்கார்ந்திருந்தார். என் மிக்ஸி ஒரு கடற்படைக் குடும்பத்தினுடையது. இந்த வீட்டுக்குப் புதுசாக வந்தது என்றால் துடைப்பமும் நம் மகளும்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

எனக்கு இந்த வழக்கத்தின் மேல் ஓர் ஆத்திரம் உண்டு. மூன்று வருஷம் வந்து இருப்பார்கள், கடலை போட்டோ எடுப்பார்கள், சலித்துப்போனதும் மிச்சத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொள்வோம். போன வருஷம் சோபாவின் கால் ஒன்று உடைந்தபோது, இனிமேல் எவர் விட்டுப்போனதும் என் வாசற்படி ஏறாது என்று நாலு பேர் கேட்க அறிவித்துவிட்டேன். அதில் என் சிநேகிதியும் ஒருத்தி. அந்த வாய்தான் பிறகு என்னைக் கெடுத்தது.

சிநேகிதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. என் அம்மா அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். நான் ஒன்பதாம் வகுப்புக்கு போர்ட் பிளேர் வந்தபோது, பிரேயர் வரிசையில் உயரப்படி நிறுத்தினார்கள். அவள் முதலாவது, நான் இரண்டாவது. இரண்டு பேருக்கும் இன்றைக்கும் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பது, ஷாதிபூரில் சொந்த வீடு. நான் அதே தெருவில் வாடகைக்கு இருக்கிறேன். அவள் டீச்சர். அவளுக்கு வேலை முதல் விண்ணப்பத்தில் கிடைத்தது, எனக்கு நாலாவதில். அவள் கணவருக்கு தெற்கே இன்னொரு தீவில், ஹட்பேயில் உத்தியோகம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போட்டில் வந்து, இரண்டு நாள் ராஜாவாட்டம் இருந்துவிட்டு, சண்டை போட நேரமில்லாமல் திரும்பிப் போய்விடுவார். என்னவர் தினமும் வீட்டில் இருக்கிறார். இதற்குக்கூடப் பொறாமையா என்று கேட்டால், ஆமாம், இதற்கும்தான்.

அவள் ஒரு தடவைகூட எனக்குக் கெடுதல் செய்ததில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

நாற்பது தாண்டியதும் இரண்டு பேருக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வண்டூர் வரை போய் வர ஆரம்பித்தோம். இங்கே ஐந்து மணிக்கே விடிந்துவிடும், ஏழு மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும், அதனால் இருட்டு கரையும்போதே கிளம்பிவிடுவோம். எங்கள் இருவரின் சைக்கிளும் ஆம்பிளைகளுக்குச் செய்தவை. எங்கள் உயரத்துக்கு ரோடு சைக்கிள் எந்தக் கடையிலும் வருவதில்லை. சீட்டை அடிமட்டம் வரை இறக்கியும் ஹேண்டில்பார் எட்டாது, வண்டூர் போய்ச் சேரும்போது கழுத்து மரத்துப்போயிருக்கும்.

அந்தச் சைக்கிளின் சொந்தக்காரி டாக்டரம்மாவை முதலில் பார்த்தது கராச்சர்மா தாண்டி ஓர் ஏற்றத்தில். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்கி மிதித்துக்கொண்டிருக்கிறோம், பின்னாலிருந்து "குட்மார்னிங் தீதி" என்று ஒரு குரல். எங்கள் உயரமே உள்ள ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்தபடி எங்களைத் தாண்டிப் போனார். மாந்தளிர் நிறத்தில் ஒரு சைக்கிள். மெல்லிய குழாய்கள். அவருக்கென்றே பிறந்த மாதிரி உடம்போடு ஒட்டியிருந்தது. புனேக்காரர், மூன்று வருஷப் பணிக்கு வந்த டாக்டர் என்று வண்டூர் டீக்கடையில் தெரிந்தது. அந்த ஃப்ரேமை மெயின்லேண்டில் ஒரே ஆள் தன் பட்டறையில் வைத்துக் கையால் செய்தாராம். தையற்காரி ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரி கால் நீளம், கை நீளம், தோள் அகலம் எல்லாம் அளந்து, ஸ்டீல் குழாயை வெட்டி, பித்தளை உருக்கிப் பற்றவைத்தது.

டீ ஆறுவதற்குள் நான் அதன் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டேன். எனக்கு அது தொழில். கப்பல் ரிப்பேர் யார்டில் தகடு பார்ப்பது என் வேலை. தீவுக்குத் தீவு ஓடும் போட்டுகள் கரையேறி வரும்; சின்னச் சுத்தியலால் அடித்தகட்டைத் தட்டிக்கொண்டே போவேன். நல்ல தகடு கணீரென்று பேசும், உப்பு தின்ற தகடு சொத்தென்று கேட்கும். சந்தேகம் வந்த இடத்தில் மீட்டர் வைத்துக் கனம் பார்ப்பேன். மெலிந்த இடத்தில் வட்டம் போட்டால் அதை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைப்பார்கள். கடைசியில் ஓடலாம் என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் போட்டு தண்ணீரில் இறங்கும். பற்றவைப்பில் நல்லது கெட்டது எனக்குத் தெரியும். அந்த ஃப்ரேமில் ஒரு இணைப்புகூட கண்ணுக்கு உறுத்தவில்லை. வயிறு எரிந்தது எனக்கு. அதற்கப்புறம் இரண்டு வருஷமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த நிறம் எங்களைத் தாண்டிப் போகும், எனக்கு அன்றைக்குப் பூராவும் சோறு இறங்காது.

யாரிடமும் சொல்லவில்லை. சிநேகிதியிடம் சொல்லவே இல்லை. "அலட்டல்" என்று மட்டும் ஒருமுறை சொன்னேன். அவள் "நல்லாத்தான டீ ஓட்டுறாங்க" என்றாள்.

இந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து போன். "அரே, சேதி தெரியுமா? டாக்டரம்மாவுக்கு டிரான்ஸ்ஃபர். சைக்கிள விக்கிறாங்களாம். சக்கரம், கியரெல்லாம் கழட்டி ஊருக்கு அனுப்பிட்டாங்க, ஃப்ரேம் மட்டும்தான் இருக்காம். அங்க போயி வேற ஃப்ரேம் செஞ்சுக்கப்போறாங்களாம். ஒனக்கு வேணுமா? நீ எடுக்கலன்னா நான் எடுக்கலாம்னு இருக்கேன்."

அவள் என்னைத்தான் முதலில் கேட்டாள். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சோபாக் கால் உடைந்த அன்று நான் விட்ட சவடால் அவளுக்கும் நினைவிருக்குமே, சிரிப்பாளே என்று நாக்கு முந்திக்கொண்டது. "எனக்கெதுக்குடீ, அடுத்தவங்க ஓட்டித் தேச்ச இரும்பு?"

"பக்காவா சொல்றியா?"

"பக்கா."

"அப்ப நீ வந்து பாத்து மட்டும் சொல்லு. இரும்பு விஷயத்துல ஒன் வாயால நல்லாருக்குன்னு வந்துட்டா எனக்குப் போதும்."

போனை வைத்தபோது அடுப்பில் இருந்த குழம்பு அடிப்பிடித்திருந்தது. அதை அப்படியே இறக்கிவைத்து எல்லோருக்கும் ஊற்றினேன். தட்டைப் பார்த்தபடியே தின்றார்கள், என் முகம் அப்படி இருந்திருக்கும்.

ஞாயிறு மதியம் டாக்டரம்மாவின் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். ஹாலில் சாமான் ஒன்றும் பாக்கியில்லை. தரையில் ஒரு பழைய போர்வை, அதன் மேல் ஃப்ரேம். சக்கரம் இல்லாமல் வெறும் எலும்பாகக் கிடந்தாலும் அழகு குறையவில்லை. நான் டார்ச், ஒரு நீளக் கம்பி, கொஞ்சம் பஞ்சு எல்லாம் கொண்டுபோயிருந்தேன். சீட் தண்டு இறங்குகிற குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பஞ்சைக் கம்பியில் சுற்றி அடிவரை விட்டுத் துழாவி எடுத்தேன். துரு இருந்தால் பஞ்சு செங்கல் நிறத்தில் வரும். வந்தது இளமஞ்சள், கூடவே எண்ணெய் வாசனை. செய்த ஆள் குழாய்க்குள் எண்ணெய் விட்டுச் சுழற்றி ஆறவைத்திருக்கிறார். சாவியால் தட்டிக்கொண்டே வந்தேன். மேல் குழாய், சாய்குழாய், பின்னால் போகிற இரண்டு மெல்லிய குழாய்கள், நாலு குழாய் சேருகிற பெடல் அடி. எல்லாம் கணீர் கணீர். இத்தனை வருஷம் இந்த உப்புக் காற்றில் நான் தட்டிப் பார்த்ததில் இவ்வளவு சுத்தமான சத்தம் கேட்டதில்லை.

அப்போதுகூட நான் நல்ல எண்ணத்தில்தான் இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். நல்லாருக்குடீ, எடுத்துக்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஃப்ரேமைத் தூக்கி நிறுத்தி, அதன் குறுக்கே காலைப் போட்டு நின்று பார்த்தாள். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. என் அளவும் அதேதானே. இல்லாத ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "டீ, எப்படி இருக்கு?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். டாக்டரம்மா கை தட்டினார்.

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஏற்றத்தில் இவள் என்னைத் தாண்டிப் போவாள். வாழ்நாள் முழுக்க போவாள். டாக்டரம்மாவாவது மூன்று வருஷத்தில் ஊரைவிட்டுப் போகிற ஆள்.

அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து, அவள் ஸ்கூட்டியைத் திருப்பும்போது சொன்னேன். "வேணாம்டீ. பெடல் அடியில உள்ளுக்குள்ள துரு தின்னுடுச்சு. பேப்பர் மாதிரி இருக்கு. ஒருநாள் எறக்கத்துல போறப்ப ஒடஞ்சுச்சுன்னா மூஞ்சி முகரையெல்லாம் போயிரும்."

எங்கள் தீவில் துரு என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. புது ஜன்னல் கம்பி இரண்டு மழைக்காலம் தாங்காது, தண்ணீர்த் தொட்டி மூடி கையோடு வரும், ஸ்கூட்டியின் அடித்தகடு ரோட்டில் உதிரும். இரும்பு கெட்டுப்போச்சு என்பது இங்கே ஆள் செத்துப்போனார் என்பதைவிடச் சாதாரணச் செய்தி. அதிலும் சொல்வது நான். அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது, அவ்வளவுதான். "போகுது விடு. நல்லவேளை, ஒன்னக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள். என் தோளில் ஒரு தட்டு வேறு தட்டினாள்.

"டாக்டரம்மாகிட்ட எதுவும் சொல்லிக்காத. ஆசையா வச்சிருந்த பொருள், மனசு கஷ்டப்படும். வேணாம்னு மட்டும் சொல்லிரு" என்றேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை இதுதான். அவர் வேறு யாருக்கும் விற்காமல், கெட்டது என்றும் நினைக்காமல், ஃப்ரேம் அங்கேயே நாலு நாள் கிடக்க வேண்டும். அதற்குள் நான் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு கணக்கு ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதே என் தலைக்குள் ஓடிவிட்டது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நான் யார்டில் தகட்டைத் தட்டினேனே தவிர, தலைக்குள் இதுதான். வாங்கலாமா வேண்டாமா? காசு பிரச்சினை இல்லை, கையில் இருந்தது. வாங்கினால் எங்கே ஓட்டுவது? வண்டூருக்குப் போக இந்த ஊரில் ஒரே ரோடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிந்த முகம். மாந்தளிர் நிறத்தில் இன்னொரு சைக்கிள் இந்தத் தீவிலேயே கிடையாது. கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று தோன்றியது. சென்னையிலிருக்கும் என் அண்ணன் கப்பலில் அனுப்பிவைத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அண்ணனுக்கு சைக்கிளின் முன் பக்கம் எது பின் பக்கம் எது என்றுகூடத் தெரியாது, பரவாயில்லை. கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருந்து ஆறு மாதம் கழித்து வெளியே எடுக்கலாம். இல்லாவிட்டால், உள்ளே கெட்ட இடத்தை நானே வெட்டிப் பற்றவைத்துச் சரி பண்ணினேன் என்று சிநேகிதியிடமே சொல்லிவிடலாம். அவள் அதையும் நம்புவாள், என்னை மெச்சவும் மெச்சுவாள். இந்த யோசனை வந்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதைத்தான் கடைசியில் தேர்ந்தெடுத்தேன்.

என் வீட்டுக்காரரிடம் பாதி உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு ஃப்ரேம் வருகிறது, எடுத்தால் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க வேண்டும் என்றேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல், "யாருக்கும் தெரியாம சைக்கிள் எங்க ஓட்டுவ? கட்டில் மேலயா?" என்றார். நான் டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன்.

புதன்கிழமை வேலை முடிந்து நேரே டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். பணத்தைப் பையில் வைத்திருந்தேன். இந்தியில் என்ன சொல்லிக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கேட்டுக்கு உள்ளே சிநேகிதியின் ஸ்கூட்டி நின்றது. திரும்பிவிடலாம் என்று பார்ப்பதற்குள் வராந்தாவிலிருந்து டாக்டரம்மா கையசைத்து, "ஆயியே தீதி, ஆயியே" என்று கூப்பிட்டுவிட்டார்.

வராந்தாவில் அதே போர்வை. அதன் மேல் ஃப்ரேம் இரண்டாகக் கிடந்தது. பெடல் அடியை நாலு குழாயோடும் சேர்த்து அறுத்து எடுத்திருந்தார்கள். மேல் பாதி சுவரில் சாய்ந்திருந்தது.

நான் எதற்கு வந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. சிநேகிதிதான் மூச்சுவிடாமல் சொன்னாள். "நீ சொல்லாதன்னு சொன்ன, எனக்கு மனசு கேக்கலடீ. இவங்க வேற யாருக்காவது வித்து, அவங்க விழுந்து கிழுந்து வச்சா? அதான் அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேன்." டாக்டரம்மா உடனே ஃப்ரேம் செய்த ஆளைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். துரு என்று சொன்னது யார் என்று அந்த ஆள் கேட்டாராம். கப்பல் தகடு பார்க்கிறவர் என்றிருக்கிறார் டாக்டரம்மா. அப்படியானால் யாருக்கும் விற்காதீர்கள், யாரும் ஏறி ஓட்ட முடியாதபடி அறுத்துவிடுங்கள், அடிப்பாகத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், நான் எங்கே தப்புச் செய்தேன் என்று பார்க்க வேண்டும், இதே மாதிரி செய்த மற்ற ஃப்ரேம்களையும் திருப்பி வாங்க வேண்டியிருக்கும் என்றாராம்.

சிநேகிதியும் டாக்டரம்மாவும் அன்று மத்தியானம் அபர்டீன் பஜாரில் ஒரு கிரில் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். "அந்த ஆளு பாதி அறுத்துட்டு, பக்கா லோஹா, நல்ல இரும்ப ஏன் அறுக்கச் சொல்றீங்கன்னு ஒரே பேச்சு. நான் விடுவனா? எங்காளு கப்பல் பாக்குறவ, நீ ஜன்னல் செய்யுறவன், ஒனக்கு என்ன தெரியும், அறுன்னு சொல்லிட்டேன்" என்றாள் சிநேகிதி. எனக்காகச் சண்டை போட்ட பெருமை அவள் முகத்தில் இருந்தது.

டாக்டரம்மா உள்ளே போய் ஒரு மார்க்கர் பேனா கொண்டுவந்தார். அறுத்த துண்டை என் மடியில் வைத்தார். மெலிந்த இடம் எது என்று வட்டம் போட்டுத் தர வேண்டும், செய்தவர் கேட்டிருக்கிறார் என்று இந்தியில் சொன்னார். நான் வந்து எச்சரித்ததற்கு இரண்டு மூன்று முறை நன்றி சொன்னார். இத்தனை நாள் அந்த இறக்கத்தில் எந்த வேகத்தில் போயிருப்பேன், நினைத்தால் பயமாக இருக்கிறது என்றார்.

அறுத்த வாய் நாலும் வெள்ளியாக மின்னின. சுற்றிலும் ஒரே கனம். உள்ளே எண்ணெய் பூச்சு அப்படியே இருந்தது. எங்காவது ஓரிடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு எழுந்துபோகலாம். இவர்கள் இருவருக்கும் தெரியப் போவதில்லை. பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் செய்த ஆளுக்குத் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அது இன்னும் மோசம், இல்லாத குறையைத் தேடித் தேடி அந்த ஆள் தன் கையையே சந்தேகப்படுவார். இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன் என்று பெருமை பேச விரும்பவில்லை. பேனாவை வைக்க ஓரிடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்தவளுக்குச் சகுனம் கெடட்டும் என்று என் மூக்கை நானே அறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கஹீ பி நஹி" என்றேன்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எங்கேயும் மெலியவில்லை, துருவே இல்லை, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று இந்தியில் திரும்பச் சொன்னேன். தப்பும் தவறுமான இந்தி. எனக்கு வேண்டும் என்று ஆசை, அதனால் சொன்னேன் என்றேன். பணப்பையை எடுத்து, இதை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று நீட்டவும் செய்தேன். எந்த மூளையோடு நீட்டினேனோ தெரியாது.

டாக்டரம்மா போர்வையைப் பார்த்தார். "க்யா கரீதோகி, தீதி?" என்றார். என்ன இருக்கிறது வாங்குவதற்கு என்பதுதான் அது. திட்டவில்லை. மடியிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு போனைத் தேடி உள்ளே போய்விட்டார். செய்தவரிடம் அவர் சொல்வது அரைகுறையாக வெளியே கேட்டது. ஒரு தடவை குரல் உடைந்தது.

சிநேகிதி என் பக்கம் திரும்பினாள். "என்னடீ சொன்ன அவங்ககிட்ட?" என்றாள். அவளுக்கு என்னைவிட நன்றாக இந்தி தெரியும். இருந்தாலும் தமிழில் கேட்க வேண்டும் என்று நினைத்தாள் போல. நான் தமிழிலும் சொன்னேன்.

இரண்டு பேரும் வெளியே வந்தோம். அவள் ஸ்கூட்டியைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே வந்தாள். நான் ஓரத்தில் நடந்தேன். அவள் காறித் துப்பியிருந்தால், சனியனே பிடாரி என்று நாலு வார்த்தை விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். "ஏதாவது சொல்லுடீ" என்றேன். "ஒன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியாததா? பள்ளிக்கூடத்துலேருந்து பாக்குறேன்" என்றாள் சாதாரணமாக. பிறகு இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

கீழே பிரதான ரோட்டுக்கு வந்ததும் நின்றாள். "ஹட்பே போட்டு போன மாசம் ஒங்க யார்டுலதான ஏறியிருந்துச்சு?"

"ஆமா."

"நீதான பாத்த?"

"நான்தான்."

"நல்லாருக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அந்த வெள்ளிக்கிழமை அந்தப் போட்டில்தான் அவள் கணவர் வருகிற முறை.

"நல்லாருக்குடீ. ஒவ்வொரு தகடா தட்டிப் பாத்தேன். மூணு எடத்துல மாத்தச் சொன்னேன், மாத்துனாங்க. சத்தியமா நல்லாருக்கு. எம் மக மேல சத்தியம்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். நான் சொன்னதை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. இருபத்தைந்து வருஷமாக, தண்ணீர்த் தொட்டி முதல் மாடிப்படிக் கம்பி வரை, அவள் வீட்டு இரும்புக்கெல்லாம் என் ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. "சரி" என்று தலையாட்டி, ஸ்கூட்டியைக் கிளப்பினாள். பின்னால் ஏறு என்று சொல்லவில்லை. நானும் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை நான் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஜெட்டிக்குப் போனேன். போட்டு நேரத்துக்கு வந்து கட்டியது. தேங்காய் மூட்டை, கோழிக்கூண்டு, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்ட பெண்கள், ஆஸ்பத்திரிக்கு வந்த வயசாளிகள் என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான் கையெழுத்துப் போட்ட அடித்தகட்டின் மேல் ராத்திரி முழுக்கத் தூங்கி வந்தவர்கள். கடைசி ஆள் இறங்கி, படியை உள்ளே இழுக்கும்வரை நின்றேன். கணவரை அழைத்துப்போக எப்போதும் ஸ்கூட்டியோடு வந்து நிற்கிறவளைக் காணோம். அவள் கணவர் அந்தப் போட்டில் வரவில்லை.